மண் நம் எல்லையைத் தாண்டாதிருக்க

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பேச வருகிறார் என்றால், ஏதேனும் ஓர் இலக்கியத்தை எடுத்து விரித்துரைப்பார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மண். வீடு கட்டும்போதும், விளைநிலத்தை மனைகளாகத் திருத்தும்போதும், மழையோடு போய்விடும் மண்ணைக் காப்பது எவ்வாறு என்பதையே பேச விரும்புகிறேன்.

நம் மக்களில் பெரும்பாலோர் வழிவழியாக உழவர் குடியினர். வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் ஏரிப் பாசனத்தை நம்பிப் பயிர் செய்து வாழ்ந்தவர்கள். இன்று பிள்ளைகள் சென்னையிலும் புதுச்சேரியிலும் பெங்களூரிலும் வாழ்கிறார்கள். ஊரில் உழுவதற்கு ஆளில்லை. பாட்டன் உழுத நிலம் மனைப்பிரிவு ஆகிறது. ஊரில் இருப்பவர்களும் ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டுகிறார்கள். இவற்றில் எதையும் குறை கூறுவது என் நோக்கமன்று. காலம் மாறும்போது நிலத்தின் பயனும் மாறத்தான் செய்யும். ஆனால் நாம் விற்கும் மேட்டு நிலத்திலிருந்து புறப்படும் மண், கீழே நம் உறவினர் நீர் பாய்ச்சும் ஏரியில் போய்ப் படிகிறது. அதைத் தடுக்கும் வழிகள் நம் கையில் உள்ளன. அவை பெருஞ்செலவு உடையனவும் அல்ல. ஒரே ஒரு நிபந்தனை: அவற்றை மழைக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

மண் போகும் வழி

மண்ணை அரிப்பது ஓடும் நீர் என்றே நாம் எண்ணுகிறோம். அந்த வேலையைத் தொடங்கி வைப்பது விழும் துளி. கனமழையின் பெருந்துளி ஒன்று மணிக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தாக்குகிறது. அங்கே புல்லோ சருகோ இருந்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும். துளி உடைந்து மெல்ல மண்ணுக்குள் இறங்கும். வெற்றுத் தரையாக இருந்தால் மண்கட்டி உடைந்து துகள்கள் சிதறும். வெள்ளையடித்த புதுச்சுவரின் அடியில் மழைக்குப் பின் இரண்டடி உயரம் வரை செம்புள்ளிகள் தெறித்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது துளியின் கைவேலை.

சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ளும். மேற்பரப்பில் பொருக்கு ஒன்று படியும். பிறகு வரும் நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடத் தொடங்கும். முதலில் தகடு போலப் பரவி ஓடும். அப்போது மண் போவது கண்ணுக்கே தெரியாது. அடுத்து விரலளவுக் கோடுகள் விழும். கோடுகள் கூடி ஓடையாகும். ஓடையைக் கண்ட பிறகுதான் நாம் மண்வெட்டியைத் தேடுகிறோம். இழப்பில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

ஒரு சிறு கணக்கு. ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 40,000 லிட்டர். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, நமக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படியானால் ஏக்கர் ஒன்றுக்கு 20 இலட்சம் லிட்டர். இனி மண்ணின் கணக்கு. ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் நமக்குத் தெரியாது. ஆனால் அது 4 கன மீட்டர். எடையில் 5 டன்னுக்கு மேல். லாரிக்காரர் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை யூனிட். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவில் ஒரு சென்டிமீட்டர் போனால் 70 யூனிட். அத்தனை மண்ணையும் யாரும் வண்டி வைத்து ஏற்றவில்லை. மழையே ஏற்றி, மழையே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது.

உழுத நிலத்தில் மண் போகாதா என்று கேட்கலாம். போகும். ஆனால் கட்டுமான நிலத்தின் நிலை வேறு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஆற்றுப் படிவுகளை ஆராய்ந்த வோல்மன் என்னும் அறிஞர் 1967இல் தம் முடிவுகளை வெளியிட்டார். காடு நிறைந்த பகுதியில் ஒரு சதுர மைலுக்கு ஆண்டுக்கு 100 டன்னுக்கும் குறைவாக மண் போயிற்று. பயிர் நிலத்தில் அது சில நூறு டன்னாக இருந்தது. கட்டட வேலை நடந்த சிறு பரப்புகளிலோ அதே அளவில் கணக்கிட்டால் 1,00,000 டன்னையும் தாண்டியது. வேலை முடிந்து வீடுகளும் சாலைகளும் புல்வெளிகளும் வந்தபின் அளவு மீண்டும் குறைந்துவிட்டது. ஆகவே ஊறு விளைவது கட்டடத்தால் அன்று. கட்டடத்திற்கு முன், நிலம் உடுப்பின்றிக் கிடக்கும் அந்த இடைக்காலத்தால்தான். அந்த இடைக்காலத்தைச் சுருக்குவதும், அதற்குள் நிலத்திற்கு ஒரு போர்வை தருவதுமே மண் காப்பின் முழுச் சாரம். மேரிலாந்து 1970இல் இதற்கென மாநிலச் சட்டமே இயற்றியது.

நம் ஊர்ப் பக்கம் நடப்பது

எங்கள் பகுதியில் ஒரு மனைப்பிரிவு. ஊரின் பெயரோ உரிமையாளரின் பெயரோ வேண்டாம். ஏரிக்கு மேற்கே, மேட்டுப் பாங்கான ஐந்து ஏக்கர். ஆவணியில் பொக்லைன் வந்தது. முட்புதர், வரப்பு, பனை எல்லாவற்றையும் இரண்டே நாளில் வழித்துத் தள்ளிவிட்டார்கள். கிராவல் சாலைகள் போட்டு, மனைக்கற்கள் நட்டு, வண்ணக் கொடிகள் கட்டினார்கள். ஐப்பசிக்குள் விற்றவை ஏழெட்டு மனைகள். மீதி நிலம் முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. கார்த்திகை மழையில் சாலைகளே வாய்க்கால்களாயின. கிராவலும் செம்மண்ணும் ஏரியின் வரத்துக் கால்வாயில் இறங்கி, முழங்கால் ஆழத்திற்கு அடைத்துக்கொண்டன. ஏரிக்கு வர வேண்டிய நீர் வழிமாறிப் பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் பாய்ந்தது. மறு ஆண்டு கால்வாயைத் தூர்வார இயந்திர வாடகை கொடுத்தவர்கள் ஆயக்கட்டு உழவர்கள். மனை விற்றவர் அல்லர்.

"ஏரிக்கு வண்டல் வருவது நல்லதுதானே, கோடையில் எடுத்து வயலுக்கு அடிக்கலாமே" என்று சிலர் சொல்வதுண்டு. நம் முன்னோர் அப்படிச் செய்தது உண்மைதான். அவர்கள் எடுத்தது, பல ஆண்டுகளாகப் படிப்படியாகச் சேர்ந்த வளமான மேல்மண். பொக்லைன் தோண்டிய நிலத்திலிருந்து வருவதோ அடிமண், சரளை, சுண்ணாம்பு, சிமெண்டுக் கழிவு. அதை எந்த வயலும் விரும்பாது. மேலும் அது ஒரே மழையில் வந்து குவிகிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரு மீட்டர் ஆழமுள்ள அசையாத நீரில் மென்மணல் இரண்டு மூன்று நிமிடங்களில் அடியில் படிந்துவிடும். வண்டல் துகளுக்குச் சில மணி நேரம் தேவை. மிக நுண்ணிய களித்துகளுக்கோ பல நாள்கள் தேவை. ஆதலால் எல்லையில் ஒரு பள்ளம் வெட்டி மண்ணைப் பிடித்துவிடலாம் என்பது பாதி உண்மையே. பள்ளத்தில் மணல் நிற்கும், களி நிற்காது. கலங்கிய நீரைப் பின்னர் தெளியவைப்பது கடினம்; கலங்காமல் காப்பது எளிது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் வீடுதோறும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கினோம். அந்தக் குழிகளில் பல இன்று நீரை உறிஞ்சாமல் நிற்பதற்கு ஒரு காரணம், கட்டட வேலையின்போது இறங்கிய சேற்று நீர் அவற்றை அடைத்துவிட்டதே.

செய்ய வேண்டியவை

மண் இழப்பைக் கணக்கிட அமெரிக்க வேளாண்துறைக்காக விஷ்மையர், ஸ்மித் என்னும் இருவர் 1965இல் ஒரு முறையை வெளியிட்டனர். மழையின் வேகம், மண்ணின் இயல்பு, சரிவின் நீளமும் செங்குத்தும், நிலத்தின் மேல் உள்ள போர்வை, காப்பு முறை என்பவற்றை அது பெருக்கிப் பார்க்கிறது. மழையும் மண்ணும் நம் விருப்பத்திற்கு உட்பட்டவை அல்ல. சரிவை ஓரளவு மாற்றலாம். போர்வை முழுவதும் நம் கையில் உள்ளது. இதை மனத்தில் கொண்டு ஆறு செயல்களைச் சொல்கிறேன்.

முதலாவது, காலம். நம் பகுதியின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. ஆடி, ஆவணியிலும் இடியோடு கூடிய மழை உண்டு. தை அறுவடைக்குப் பின் தொடங்கி வைகாசிக்குள் மண்வேலையை முடித்துவிடுவது நன்று. ஆவணியில் பொக்லைனை இறக்குவது, மழைக்கு இலை போட்டு வைப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, பரப்பு. ஐந்து ஏக்கரையும் ஒருங்கே வழிக்கத் தேவையில்லை. சாலைக்கு உரிய இடத்தை மட்டும் திருத்தி, மனைகளில் புல்லை அப்படியே விடலாம். மனைக்கல் நடுவதற்குப் புல் தடையாக நிற்பதில்லை. வீடு கட்டுவோரும் அடித்தளம் வரும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இல்லறத்தாருக்கு உரிய நோன்புகளுள் பயனின்றித் தீங்கு செய்யாமையும் ஒன்று. காரணமின்றி நிலத்தை அகழ்தலும் அதனால் விலக்கப்பட்டதை இங்குள்ள பெரியோர் அறிவீர்கள். பொக்லைன் ஓட்டுநரிடம் எல்லையைக் காட்டும் கயிறு ஒன்றைக் கட்டிக் கொடுத்தாலே போதும். பாதி மண் தப்பிவிடும்.

மூன்றாவது, மேல்மண். ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. அடித்தளம் தோண்டும்போது மேலுள்ள முக்கால் அடி மண்ணைத் தனியே எடுத்துக் குவித்து வையுங்கள். குவியல் ஆளுயரத்திற்கு மிகாமல் இருக்கட்டும். அதன்மேல் கொள்ளோ சணப்பையோ தூவினால் சில வாரங்களில் பச்சைப் போர்வை மூடிக்கொள்ளும். வீடு முடிந்தபின் அதே மண் உங்கள் தோட்டத்திற்கு ஆகும். மேல்மண்ணை அடிமண்ணோடு கலந்து நிரவிவிட்டுப் பிறகு செம்மண் விலைக்கு வாங்கும் வீடுகளை நாம் பார்க்கிறோம்.

நான்காவது, நீர்வழி. உங்கள் மனையில் விழும் மழையைவிட, மேற்பக்கத்திலிருந்து ஓடி வரும் நீரே பெரும்பாலும் மிகுதி. வேலை தொடங்கும் முன் மேல் எல்லையில் ஒரு சிறு வாய்க்கால் எடுத்து, அந்த நீரைத் தோண்டிய இடத்தைத் தொடாமல் பக்கவாட்டில் புல் நிறைந்த வழியில் இறக்கிவிடுங்கள். பழைய வரப்புகளை அழிக்காதீர்கள். நம் முன்னோர் சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டது, நீரை ஒவ்வொரு படியிலும் நிறுத்தி அனுப்புவதற்கே. சாலையைச் சரிவின் நேர்வழியே மேலிருந்து கீழாக இழுத்தால் அது சாலையாக இராது, ஓடையாகிவிடும். குறுக்காக அமைத்தால் நிலைக்கும்.

ஐந்தாவது, போர்வை. தோண்டிய தரை இரண்டு வாரத்திற்கு மேல் சும்மா கிடக்கப் போகிறது என்றால் அதை மூடிவிடுங்கள். வைக்கோல் போதும், தென்னை ஓலை போதும், சரிவாக இருந்தால் தென்னைநார் வலை விரிக்கலாம். மண் தெரியாதபடி பரப்பிய வைக்கோல், இழப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். மணல் குவியலைத் தெருவோரம் கொட்டாமல் மனைக்குள் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மழையில் போகும் மணல் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மணல் என்பதையும் மறவாதீர்கள்.

ஆறாவது, கடைசிக் காவல். கீழ் எல்லையில் கற்களை வரிசையாக அடுக்கியோ, மூட்டைகளை அடுக்கியோ, ஆழமில்லாத அகன்ற பள்ளம் ஒன்றை வெட்டியோ, ஓடிவரும் நீரைச் சற்றே நிறுத்துங்கள். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் படிந்ததை அள்ளி உள்ளேயே போடுங்கள். பள்ளம் நிரம்பிவிட்டால் அது இல்லாததற்குச் சமம். லாரி வெளியேறும் வாயிலில் பெருஜல்லி பரப்பினால் சக்கரத்துச் சேறு தெருவுக்கு வராது. நிலையான காவலுக்கு வெட்டிவேர் நடலாம். குறுக்கே நெருக்கமாக நட்ட ஒரு வரிசை வெட்டிவேர், ஓரிரு ஆண்டுகளில் உயிருள்ள வேலியாகி மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும். உலகில் பல நாடுகள் இன்று சரிவுகளைக் காக்க இப்புல்லை நடுகின்றன. ஆங்கிலம் முதலிய மொழிகளில் அதற்கு வழங்கும் பெயரும் நம் 'வெட்டிவேர்' என்னும் சொல்லிலிருந்தே பிறந்தது. சொல்லை ஊருக்கு ஈந்த நாம் புல்லை மறந்துவிடக்கூடாது.

மலையடிவாரத்தில் கூடுதல் கவனம்

நம் திருத்தலங்களில் பல குன்றுகளின் மேலும் அடிவாரங்களிலும் அமைந்தவை. திருமலை, பொன்னூர்மலை, திருநறுங்கொண்டை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அங்கே படிக்கட்டு, சாலை, தங்கும் அறை, குடிநீர்க் குழாய் என்று எதை அமைத்தாலும் சமவெளியைவிடப் பன்மடங்கு எச்சரிக்கை வேண்டும். சரிவின் அடிப்பகுதியை வெட்டி இடம் தேடுவது, சுமை தாங்கும் தூணின் காலை அறுப்பதற்கு ஒப்பாகும். வெட்டிய மண்ணைக் கீழ்ச்சரிவில் தள்ளிவிடுவதும் தீங்கே; அடுத்த மழையில் அதுதான் முதலில் இறங்கும்.

2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. மாவட்டத்தில் நேர்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி ஒரு வீட்டை மூடியதில் ஏழு உயிர்கள் போயின. பெருமழையை யாராலும் நிறுத்த முடியாது. ஒவ்வொரு சரிவுக்கும் காரணங்கள் பலவாக இருக்கும். அவற்றை ஆராய்தல் வல்லுநர் கடன். ஆயினும் மலையின் மீது நாம் செய்யும் ஒவ்வொரு வெட்டும் அம்மழைக்கு எளிதாக வழி திறந்துவிடுகிறது என்பதில் ஐயமில்லை. மலைமேல் திருப்பணி செய்ய முற்படும்போது, பொறியாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை இலட்சம் ஆகும்?" என்பது அன்று; "நீர் எந்த வழியாக இறங்கும்?" என்பதே.

சட்டமும் நம் கடமையும்

சட்டம் இல்லையா என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். உண்டு. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்கள் முன் அனுமதி பெற வேண்டும். மலைப்பகுதிகளுக்கென மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990இல் அமைக்கப்பட்டது. ஆனால் நம் ஊர்களில் எழும் வீடுகளும் நாலைந்து ஏக்கர் மனைப்பிரிவுகளும் அந்தப் பெரிய அளவுகளுக்குள் வருவதில்லை. ஆகவே அங்கே மண்ணுக்குக் காவல் உரிமையாளரின் மனமே.

நம் நாட்டில் அந்த மனம் ஒரு காலத்தில் ஊர் அமைப்பாகவே இயங்கியது. நமக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஊராட்சியின் பிற வாரியங்களோடு ஏரி வாரியம் என்ற தனிக் குழுவையும் குறிப்பிடுகின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏரியைக் கவனிக்க ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்த மண்ணில் நாம் வாழ்கிறோம். ஏரியைத் தூர்வாரும் பணிக்கு அரசு இன்று பணம் ஒதுக்குகிறது. 2017இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. ஆனால் மேலே அவிழ்த்துவிட்டுக் கீழே வாரிக்கொண்டே இருந்தால் எத்தனை முறைதான் வாருவது?

ஆதலால் மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன். நிலத்தை மனைப்பிரிவுக்கு விற்கும் குடும்பங்கள், விலை பேசும்போதே இரண்டு வரிகளை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்: வரத்துக் கால்வாயையும் அதன் கரைப் புல்லையும் தொடுதல் கூடாது, ஐப்பசிக்கு முன் திறந்த நிலத்தை மூடிவிட வேண்டும். வெளியூரில் இருந்துகொண்டு கையெழுத்திட வரும் பிள்ளைகள், பாட்டன் நிலத்திற்குச் செய்யும் கடைசிக் கடனாக இதை எண்ணுங்கள். வீடு கட்டும் குடும்பங்கள் மேஸ்திரியிடம் செங்கல், கம்பி, சிமெண்டுக் கணக்கைக் கேட்கும் அன்றே, மேல்மண்ணை எங்கே குவிப்பது, நீரை எங்கே திருப்புவது என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். திருமண மண்டபம், தங்கும் விடுதி, மதிற்சுவர் போன்ற பணிகளை மேற்கொள்ளும் அறக்கட்டளைகள், மதிப்பீட்டுப் பட்டியலில் மண் காப்புக்கென ஒரு வரியைச் சேர்த்து அதற்கும் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். பொது நிறுவனம் செய்து காட்டினால் தனி மனிதர் பின்பற்றுவர்.

நிலத்தின் பத்திரம் கைமாறலாம். பட்டாவின் பெயர் மாறலாம். அந்நிலத்து மண் இருக்க வேண்டிய இடம் அந்நிலமே. வரும் தை மாதம் வேலை தொடங்க இருக்கும் குடும்பங்கள் இந்த அவையிலேயே சில உண்டு என்று அறிகிறேன். அவர்கள் முதல் எடுத்துக்காட்டாக விளங்கட்டும்.